120 ஓவியங்களுக்குள் ஒரு ரோம் ஒளிந்திருக்கிறது... தெரியுமா?

ரோம் என்றதும் உங்கள் கண்முன் என்ன வருகிறது? கொலோசியம், புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம், காசு வீசும் த்ரேவி நீரூற்று. உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, துணி காயும் சந்து, பாசி பிடித்த படித்துறை, மீன் வாடை வீசும் சந்தை, ஆற்றுக்குள் கால் வைத்து நிற்கும் பழைய வீடு என்று தேடித் தேடி வரைந்தார் ஒருவர். அதுவும் எண்ணெய் வண்ணத்தில் அல்ல. தண்ணீரில் கரைத்த வண்ணத்தில், காகிதத்தின் மேல். ஒன்றல்ல, இரண்டல்ல, மொத்தம் 120 ஓவியங்கள்!

இன்னொரு செய்தியைக் கேட்டால் திகைத்துப் போவீர்கள். அந்தப் படங்களில் உள்ள தெருக்களில் பல இன்று தரையில் இல்லை. வீடு இல்லை, வாசல் இல்லை, சில இடங்களில் அந்த வீடு நின்ற மண்கூட இல்லை. தோண்டி எடுத்துவிட்டார்கள். அந்த ரோம் இப்போது இருக்கும் இடம் அந்தக் காகிதங்கள்தான்.

அவர் பெயர் எத்தோரே ரோஸ்லர் ஃபிரான்ஸ். பெயரில் ஜெர்மன் வாடை அடிக்கிறதே என்று தோன்றலாம். குடும்பத்தின் வேர் அந்தப் பக்கம்தான். ஆனால் அவர் 1845-இல் ரோமிலேயே பிறந்தவர். ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு அருகே, வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்கும் விடுதி நடத்திய குடும்பம். இளைஞராக இருந்தபோது ரோமில் உள்ள பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு மேலதிகாரி யார் தெரியுமா? ஜோசஃப் செவர்ன்! ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1821-இல் ரோமில் காசநோயால் உயிர்விட்டபோது, கடைசிவரை பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தாரே, அதே செவர்ன். அவரும் ஓவியர். நீர்வண்ணத்தை ஒரு தேசியக் கலையாகவே வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களோடு நாளெல்லாம் புழங்கிய ஒரு ரோம் நகரத்துப் பையனுக்கு அந்த மோகம் தொற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1875-இல் ரோமில் நீர்வண்ண ஓவியர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு வெள்ளம்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது, தெரியுமா?

1870-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமின் மதிலை பியா வாயில் அருகே பீரங்கியால் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த போப்பாண்டவரின் அரசாட்சி அன்றோடு முடிந்தது. ரோம் புதிய இத்தாலியின் தலைநகராகப் போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வேளையில், மூன்றே மாதங்களில், டிசம்பர் 28 அன்று டைபர் நதி பொங்கியது. ரிப்பெத்தா படித்துறையில் இருந்த அளவுகோலில் தண்ணீர் 17.22 மீட்டர்! தெருக்களில் படகு ஓடியது. யூதர்கள் வாழ்ந்த தாழ்வான பகுதி மூழ்கிப் போனது. வெள்ளச் சேதத்தைப் பார்க்கத்தான் மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் முதன்முதலாகத் தன் புதிய தலைநகருக்குள் காலடி வைத்தார்.

இதற்கு முன் வெள்ளம் வராமலா இருந்தது? ரோமுக்கு வெள்ளம் பழகிய விருந்தாளி. மினர்வா மாதா ஆலயத்தின் முகப்புச் சுவரில் நூற்றாண்டு வாரியாக வெள்ளக் குறிகள் பொறித்து வைத்திருக்கிறார்கள். இன்றும் போய்ப் படிக்கலாம். பாங்கி வளைவு என்ற இடத்தில் 1277-ஆம் ஆண்டின் குறி ஒன்று இருக்கிறது. 1598-இல் வந்ததுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது: 19 மீட்டரைத் தாண்டியது, பழைய ஏமிலியஸ் பாலத்தில் பாதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் நின்ற பாதிக்கு மக்கள் 'உடைந்த பாலம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் போப்பின் நகரம் வெள்ளத்தைப் பொறுத்துக்கொண்டது. ஒரு தேசத்தின் தலைநகரம் பொறுத்துக்கொள்ளுமா? என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அதில் ஒரு யோசனையைக் கேளுங்கள்: டைபர் நதியையே ஊருக்கு வெளியே திருப்பி விட்டுவிடலாம்! 1875-இல் இதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை; இத்தாலி ஒருங்கிணைப்புப் போரின் மாவீரர் கரிபால்டி. அவர் திட்டம் நிறைவேறியிருந்தால் இன்று ரோமுக்குள் நதியே இருந்திருக்காது.

கடைசியில் வென்றது பொறியாளர் ரஃபாயெலே கனெவாரியின் திட்டம். நதியின் இரு கரையிலும் வானளாவக் கற்சுவர் எழுப்பி, சுவரின் மேல் சாலை போடுவது. 1876-இல் தொடங்கிய வேலை, முழுதாக முடிய 1926 ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு! நதியை ஒட்டி நின்ற வீடு, தோட்டம், படித்துறை, கோபுரம் என்று அத்தனையும் அந்தச் சுவருக்காக வழிவிட வேண்டியிருந்தது.

1878-இல் ரோஸ்லர் ஃபிரான்ஸ் தன் வரிசையைத் தொடங்கினார். கடப்பாரை அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. கடப்பாரைக்கும் தூரிகைக்கும் ஓட்டப்பந்தயம்! எந்தத் தெரு முதலில் போகும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். 1896 வரை ஓயவில்லை. நாற்பது நாற்பதாக மூன்று வரிசை. அவர் வைத்த பெயரிலேயே அவசரம் தெரிகிறது: 'எழில்மிகு ரோம் – கடந்து போகும் ஒரு காலத்தின் நினைவுகள்'. ஆனால் ஊர் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. 'ரோமா ஸ்பாரித்தா', மறைந்த ரோம், என்றுதான் இன்றும் அழைக்கிறது.

ஒரே ஆண்டில் ஒரே நகரம் செய்த இரண்டு காரியங்கள் தெரியுமா?

1883. ரோம் மாநகராட்சி ரோஸ்லர் ஃபிரான்ஸின் முதல் நாற்பது ஓவியங்களைக் காசு கொடுத்து வாங்கியது. அதே 1883-இல்தான் நகரின் புதிய பெருந்திட்டமும் சட்டமானது. எந்தெந்தத் தெருவை அகலப்படுத்துவது, எந்தெந்தக் குடியிருப்பை இடிப்பது என்று கோடு போட்டுக் காட்டிய திட்டம் அது. அதாவது, இடிப்பதற்கு உத்தரவு போட்ட நகரமே, இடிக்கப்போவதன் படத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்தியது!

இதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் எதை இழக்கப் போகிறோம் என்று அந்த நகரத்துக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் இடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை. எத்தனை நகரங்கள் அந்த அளவுக்கேனும் யோசித்திருக்கின்றன? மீதி எண்பதையும் ஓவியர் காலமான மறு ஆண்டு, 1908-இல், நகரமே வாங்கிக்கொண்டது. அதனால்தான் அந்தத் தொகுப்பு ஆளுக்கொரு பக்கம் சிதறாமல் ஒரே கூரையின்கீழ் நிலைத்தது.

மீன் தலைக்கு வரி இருந்தது தெரியுமா?

இந்த 120-இல் என்னை விடாமல் பிடித்து நிறுத்துபவை யூதர் குடியிருப்பின் படங்கள்தான். அதற்கு 'கெட்டோ' என்று பெயர். 1555-இல் போப் நான்காம் பவுல் ஓர் ஆணை பிறப்பித்தார்: ரோமின் யூதர்கள் எல்லாரும் டைபர் ஓரத்தில் ஒரு சிறு மூலைக்குள் மட்டுமே குடியிருக்க வேண்டும். சுற்றிலும் மதில். இரவானால் வாயிற்கதவுக்குப் பூட்டு. மதில் 1848-இல் இடிந்தது. முழு விடுதலை கிடைத்தது 1870-இல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 315 ஆண்டுகள்!

மக்கள்தொகை கூடிக்கொண்டே போனது, நிலமோ ஓர் அடிகூடக் கூடவில்லை. வேறென்ன செய்வது? வீடுகள் மேலே மேலே வளர்ந்தன. மாடி மேல் மாடி, அதன் மேல் இன்னொரு மாடி. வெயில் தரையைத் தொடாத சந்துகள். ருவா என்பதுதான் அங்கே பெரிய தெரு; அதுவே இரண்டு வண்டி ஒன்றையொன்று கடக்கத் திணறும் அகலம். ரோஸ்லர் ஃபிரான்ஸ் அந்தத் தெருவை வரைந்திருக்கிறார். ஆற்றை ஒட்டி ஓடிய ஃபியுமாரா தெருவையும் வரைந்திருக்கிறார். அந்தத் தெருவுக்குள் தண்ணீர் புகாத மழைக்காலம் அரிது. ஈரம் ஏறிய சுவரை நீர்வண்ணத்தில் காட்டுவதைப் போலப் பொருத்தம் வேறு உண்டா? அடியில் கருமை, மேலே போகப் போக வெளிறும் மஞ்சள், நடுவில் காரை பெயர்ந்து தெரியும் செங்கல். அந்த மங்கல் அவர் கற்பனை அல்ல; ஆறு அந்தச் சுவர்களில் விட்டுப்போன கறை.

அந்தக் குடியிருப்பில் ஒரே ஒரு தொழுகைக்கூடம்தான் இருக்கலாம் என்பது சட்டம். யூதர்களுக்குள்ளோ பூர்வீக ரோம் மரபு, சிசிலி மரபு, ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களின் மரபு என்று வழிபாட்டு முறைகள் பல. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே கட்டடத்துக்குள் ஐந்து தொழுகைக்கூடங்களை அடக்கினார்கள்! சட்டப்படி கட்டடம் ஒன்றுதான். அந்த இடம் இன்றும் 'ஐந்து கூடங்களின் சதுக்கம்' என்றே அழைக்கப்படுகிறது.

குடியிருப்பின் ஓரத்தில் ஒக்டேவியாவின் மண்டபம் நிற்கிறது. அகஸ்டஸ் சக்கரவர்த்தி தன் அக்காள் பெயரில் எழுப்பியது. பண்டைக்காலப் பளிங்கு. அதன் தூண்களுக்கு நடுவே, இடைக்காலம் தொட்டு என்ன நடந்தது? மீன் வியாபாரம்! பழைய பளிங்குப் பலகைகளின் மேல் மீனைப் பரப்பி விற்றார்கள். அங்கே இருந்த தேவாலயத்துக்கே 'மீன் சந்தையின் புனித ஆஞ்செலோ' என்று பெயர். அந்தச் சுவரில் லத்தீனில் எழுதிய ஒரு கல் இருக்கிறது. அது சொல்வது இதுதான்: இந்தக் கல்லின் நீளத்தைவிடப் பெரிய மீன் விற்பனைக்கு வந்தால், அதன் தலையை, முதல் துடுப்பு வரை வெட்டி, நகரத்தின் ஆட்சியாளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். பெரிய மீனின் தலைதான் சூப்புக்கு ருசி என்பது அந்த அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது!

ரோஸ்லர் ஃபிரான்ஸ் இந்த மீன் சந்தையையும் விட்டுவைக்கவில்லை. பேரரசின் மண்டபத்தையும் மீன்காரரின் பலகையையும் ஒரே மதிப்போடு பார்த்தார். வேறு ஓவியர்கள் தூணை மட்டும் எடுத்துக்கொண்டு, மீனைத் துடைத்துவிட்டு வரைந்திருப்பார்கள்.

1888 வாக்கில் அந்தக் குடியிருப்பின் பெரும்பகுதி தரைமட்டம். அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியில் 1904-இல் எழுந்ததுதான் இன்று நாம் பார்க்கும் பெரிய யூதத் தொழுகைக்கூடம். அதன் குவிமாடம் சதுர வடிவம். வட்டக் குவிமாடங்களால் நிறைந்த ரோமின் வானில், தூரத்திலிருந்தே தனியாகத் தெரிய வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள்.

கொலோசியத்தின் கல்லில் கட்டிய படித்துறை தெரியுமா?

ரிப்பெத்தா என்று மேலே ஒரு படித்துறையைச் சொன்னேனே, அதன் கதை இன்னும் பெரிது. 1703-இல் ரோமில் நிலநடுக்கம். கொலோசியத்தின் வளைவுகளில் சில சரிந்து விழுந்தன. விழுந்த கல்லை வீணாக்குவானேன் என்று போப் பதினோராம் கிளமெண்ட் எண்ணினார். கட்டடக் கலைஞர் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்பெக்கியைக் கூப்பிட்டார். அடுத்த ஆண்டே, 1704-இல், அந்தக் கற்களைக் கொண்டு டைபர் கரையில் ஓர் அற்புதமான படித்துறை எழுந்தது. நேர்ப்படிகள் அல்ல, அலை வந்து கரையில் சுருண்டதுபோல வளைந்து வளைந்து இறங்கும் படிகள். ஸ்பானியப் படிக்கட்டுகளைப் பார்த்து உலகம் வியக்கிறதே, அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே வளைவுப் படிகளின் அழகை ரோமுக்குக் காட்டியது இந்தத் துறை.

ஆற்றின் மேல்பகுதியிலிருந்து, உம்பிரியா, சபீனா மலைப்பகுதிகளிலிருந்து, ஆற்றோடு மிதந்து வரும் படகுகள் இங்கேதான் ஒதுங்கும். விறகு, மது, எண்ணெய் எல்லாம் இந்தப் படிகளில் தோள்மேல் ஏறி ஊருக்குள் போகும். கடல் பக்கமிருந்து வரும் பெரிய படகுகளுக்கு எதிர்க்கரையில், தெற்கே, ரிப்பா கிராந்தே என்று இன்னொரு துறை. சிறுவர் படியில் உட்கார்ந்து கால் நனைப்பதும், சுமை தூக்குவோர் இளைப்பாறுவதும், எதிரே உள்ள தேவாலயத்தின் முகப்பு தண்ணீரில் நடுங்குவதும்... எல்லாம் போயிற்று. கரைச்சுவரும் புதுப் பாலமும் ரிப்பெத்தாவை முழுதாக விழுங்கிவிட்டன. கொலோசியத்தில் விழுந்து, படித்துறையாகப் பிழைத்த கற்கள், இந்த முறை தப்பவில்லை.

வெள்ளத்தை அளக்க அங்கே நின்ற தூணோ கொஞ்சம் நகர்ந்து உயிர் பிழைத்தது. அதில் ஆண்டு வாரியாக வெள்ள மட்டக் கோடுகள் இருக்கின்றன.

நதியின் மேல் மாவு அரைத்தார்கள் தெரியுமா?

டைபர் நதியில் மிதக்கும் ஆலைகள் இருந்தன! கரையோடு சங்கிலியால் கட்டிய படகுகள், நடுவே ஆற்று வேகத்தில் சுழலும் சக்கரம், அதன்மூலம் சுற்றும் அரைவைக் கல். இதைத் தொடங்கி வைத்தது கி.பி. 537-இல் ஒரு முற்றுகை. கோத் படைகள் ரோமைச் சூழ்ந்து, நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களை வெட்டிவிட்டன. அந்தத் தண்ணீரில் ஓடிய மாவு ஆலைகள் நின்றுபோயின. ஊர் பட்டினி. நகரைக் காத்து நின்ற தளபதி பெலிசாரியஸ் யோசித்தார்: தண்ணீர் ஆலைக்கு வராவிட்டால் என்ன, ஆலையைத் தண்ணீருக்குக் கொண்டு போவோம்! எதிரிகள் சும்மா இருப்பார்களா? மரக்கட்டைகளையும் பிணங்களையும் ஆற்றில் மிதக்கவிட்டுச் சக்கரங்களை உடைக்கப் பார்த்தார்கள். பெலிசாரியஸ் ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டி அவற்றைத் தடுத்தார். அன்று அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரைச்சுவர் வேலை தொடங்கும் வரை நிலைத்தது. 1,300 ஆண்டுகளுக்கு மேல்!

ஆற்றோரம் ஒரு பெரிய நாடக அரங்கமும் இருந்தது: அப்பல்லோ. வெர்டியின் புகழ்பெற்ற 'இல் த்ரோவத்தோரே' இசை நாடகம் 1853 ஜனவரி 19 அன்று முதன்முதலாக அரங்கேறியது அங்கேதான். டைபர் பெருகியிருந்த நேரம் அது. ஆனாலும் அரங்கு நிறைந்தது. அதே மேடையில் 1859-இல் 'முகமூடி நடனம்' நாடகமும். இவ்வளவு பெருமை இருந்தும் கரைச்சுவர் விடவில்லை. அரங்கம் இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் போகின்றன.

ரோஸ்லர் ஃபிரான்ஸ் இறந்த ஆண்டில் என்ன வந்தது தெரியுமா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழலாம். அப்போதே புகைப்படக் கருவி இருந்ததே, தூரிகை எதற்கு? உண்மைதான். ரோஸ்லர் ஃபிரான்ஸே புகைப்படங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்தான். ஆனால் அந்தக் காலப் புகைப்படத்தில் நிறம் ஏது? கறுப்பும் வெளுப்பும், கொஞ்சம் பழுப்பும். சந்தில் தொங்கிய துணி சிவப்பா நீலமா, சுவர் காவியா மஞ்சளா, ஆற்று நீர் பச்சையா சேற்று நிறமா என்று சொல்ல அதனால் முடியாது. சாதாரண மக்களும் பயன்படுத்தக்கூடிய வண்ணப் புகைப்படத் தகட்டை லூமியே சகோதரர்கள் பாரிசில் விற்பனைக்குக் கொண்டுவந்தது எப்போது தெரியுமா? 1907 ஜூன். ரோஸ்லர் ஃபிரான்ஸ் இறந்தது 1907 மார்ச்! அவர் கண் மூடி மூன்று மாதத்தில் வந்தது வண்ணப்படம். அதற்குள் அவர் வரைந்த தெருக்களில் பல போய்விட்டன. அப்படியானால் அந்தத் தெருக்கள் எந்த நிறத்தில் இருந்தன என்பதற்குச் சாட்சி யார்? நேரில் நின்று வண்ணம் குழைத்த ஓவியர்கள்தான். அதிலும் இத்தனை பொறுமையோடு, இத்தனை தெருக்களை, ஒரே கண்ணால் பதிந்து வைத்தவர் அவர்தான்.

நீர்வண்ணம் அவ்வளவு எளிதான வேலையும் அல்ல. எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பதே பெரும்பாலும் தீண்டாமல் விட்ட காகிதம்தான். காயும் துணியில் அடிக்கும் வெயிலைக் காட்ட வேண்டுமா? அந்த இடத்தைத் தொடக்கத்திலிருந்தே தொடாமல் காப்பாற்றி வர வேண்டும். ஒரு துளி சிந்தினால் அன்றைய உழைப்பு போச்சு. ஏறக்குறைய அரை மீட்டருக்கு முக்கால் மீட்டர் அளவுள்ள காகிதத்தில், ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு கொடியிலையும் தெரிய வரைந்திருக்கிறார் மனிதர்!

அவர் படத்தில் எல்லாம் அப்படியே உண்மையா என்று அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். குடம் சுமக்கும் பெண், கதவோரம் நிற்கும் கிழவர், கழுதையோடு வரும் வியாபாரி என்று படத்துக்கு அழகு சேர்க்க ஆட்களைத் தேர்ந்து நிறுத்தியிருக்கிறார். அந்தச் சந்துகளின் பசியும் நோயும் அவர் படங்களில் குறைவாகவே தெரிகின்றன. அழகு தேடும் கண் அது. ஆனால் ஒரு ஜன்னல் எங்கே இருந்தது, படி எந்தப் பக்கம் திரும்பியது, கூரை எப்படிச் சரிந்தது என்பதில் அவர் கண் ஏமாற்றுவதில்லை. மனிதரில் கொஞ்சம் தாராளம், கல்லில் கறார்.

ஓவியத்துக்கு எதிரி வெளிச்சம் என்பது தெரியுமா?

நெருப்பு, ஈரம், கரையான் எல்லாம் சரி. நீர்வண்ண ஓவியத்தை மெல்லக் கொல்வது வெளிச்சம்! மெல்லிய பூச்சு, பாதுகாப்புக்கு மேலே எண்ணெய்ப் படலம் கிடையாது. சில சாயங்கள் வெயில் பட்டால் சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும். ரோஸ்லர் ஃபிரான்ஸ் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1888-இல், இங்கிலாந்தில் ரசல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் எந்தெந்த வண்ணம் எவ்வளவு வெளுக்கிறது என்று சோதித்து அறிக்கையே வெளியிட்டார்கள். சிவப்புச் சாயங்களில் பலவும், அவுரி நீலமும் தாங்கவில்லை. மண்ணிலிருந்து எடுக்கும் காவி, மஞ்சள், பழுப்பு நிறங்கள் அசையாமல் நின்றன. ரோமின் சுவர்கள் எந்த நிறம்? அதே காவியும் மஞ்சளும் பழுப்பும்தான்! நகரத்தின் நிறமே நிலைக்கும் நிறமாக அமைந்தது எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம்!

இருந்தாலும் வானத்தின் நீலத்தையும் தாவணிச் சிவப்பையும் காப்பாற்ற வேண்டுமே. அதனால் 120 ஓவியங்களையும் ஒருசேர மாட்டி வைப்பதில்லை. சில படங்கள் கொஞ்ச காலம் மங்கிய விளக்கொளியில் சுவரில் இருக்கும். பிறகு அவை இருட்டறைக்குப் போக, வேறு சில வெளியே வரும். முறை வைத்து ஓய்வு கொடுக்கிறார்கள்.

இடித்தது தவறா?

இந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. எனக்கும் ரிப்பெத்தாவை நினைத்தால் தாங்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1937 டிசம்பரில் டைபர் மறுபடி பொங்கியது. ஏறக்குறைய 17 மீட்டர். 1870-இன் அளவைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது. ஊரின் புறப்பகுதிகள் மூழ்கின. பழைய ரோமோ தப்பியது. சுவர் தாங்கியது. ஃபியுமாரா போன்ற தெருவில் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்களின் இடத்திலிருந்து பார்த்தால், அந்தச் சுவரை வெறுக்க முடியாது. ஆற்றை அடக்கியே ஆக வேண்டும். ஆனால் ரிப்பெத்தாவின் படிகளைச் சுவரோடு சேர்த்து, இணைத்துக் கட்ட ஒரு பொறியாளருக்கும் மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தோண்டியதில் கிடைத்த புதையலையும் மறைக்கக் கூடாது. 1879-இல் ஃபர்னெசினா மாளிகைத் தோட்டத்தில் கரைக்காக வெட்டியபோது, அகஸ்டஸ் காலத்துச் செல்வந்தர் ஒருவரின் வீடு வெளிப்பட்டது. சுவர் முழுக்க ஓவியம்! சிவப்பும் கறுப்பும் வெளுப்புமாக, நேற்றுத் தீட்டியதுபோல. 1885-இல் இன்னொரு பக்கம், குவிரினால் குன்றில், கட்டட வேலைக்குத் தோண்டிய குழியில் ஒரு வெண்கலக் குத்துச்சண்டை வீரர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் காயம், கையில் தோல்பட்டை, களைப்போடு தலையைத் திருப்பிய கோலம். இரண்டையும் இப்போது மாஸ்ஸிமோ மாளிகை அருங்காட்சியகத்தில் காணலாம். ஒரு ரோமைத் தொலைத்த அதே கடப்பாரை, அதற்கும் அடியில் கிடந்த இன்னொரு ரோமை மேலே கொண்டுவந்தது.

ரோமுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோஸ்லர் ஃபிரான்ஸின் ஓவியங்கள் இருப்பது நதிக்கு மேற்கே, த்ராஸ்தேவெரே பகுதியில், புனித எஜிதியோ சதுக்கத்தில் உள்ள ரோம் அருங்காட்சியகத்தில். அது முன்பு கார்மேல் துறவிப் பெண்களின் மடமாக இருந்த கட்டடம். எந்தெந்தப் படம் இப்போது சுவரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து டைபர் தீவைத் தாண்டி, ஃபப்ரீசியோ பாலத்தில் நடங்கள். கி.மு. 62-இல் கட்டியது, இன்றும் மக்கள் அதில்தான் கடக்கிறார்கள். அக்கரையில் ஒக்டேவியாவின் மண்டபம். அங்கே மீன் தலைக் கல்லைத் தேடிப் பிடியுங்கள்.

அங்கிருந்து நாலே எட்டில் ஆமை நீரூற்று. அதைப் பற்றி ஒன்று தெரியுமா? முதலில் அதை வைக்கத் திட்டமிட்ட இடம் யூதர் குடியிருப்பின் வாசலில் இருந்த ஜூதேயா சதுக்கம். தண்ணீருக்குத் தவித்த மக்களுக்குப் போயிருக்க வேண்டியது. மூசியோ மத்தேயி என்ற பிரபு தன் செல்வாக்கைக் காட்டி, அதைத் தன் மாளிகை வாசலுக்கு இழுத்துக்கொண்டார். ஜூதேயா சதுக்கத்துக்குச் சில ஆண்டு கழித்துத்தான், ஜாக்கோமோ தெல்லா போர்த்தா வடிவமைத்த வேறொரு நீரூற்று கிடைத்தது. அந்தச் சதுக்கம் இன்று இல்லை. நீரூற்றை மட்டும் பெயர்த்தெடுத்து, 1930-இல் ஐந்து கூடங்களின் சதுக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போதும் அதில் தண்ணீர் வருகிறது.